போவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்

கதை எழுதுகிறவர்கள், எழுத்து வரவில்லை என்றால் உடனே பிறந்த ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் ஊரைப் பற்றி ஞாபகத்தில் இருப்பதை எழுதி முடித்துவிட்டுப் போக வேண்டும். நேராகக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இறங்கி செல்ஃபி எடுத்தால், இன்றைய கடற்கரை மனசுக்குள் இருக்கும் பழைய கடற்கரை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சின்ன வயதில் பார்த்தது எது, போன வாரம் பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது.

கிளம்ப ஒரு வாரம் முன்பே நோட்டில் கையால் எழுதுங்கள். அக்காவுக்கு போன் போட்டுக் கேட்காதீர்கள். அக்காவின் ஞாபகம்தான் வந்து சேரும். 'சந்தோஷமான நாட்கள்' என்ற வரியால் பிரயோஜனம் இல்லை. வீட்டை வரையுங்கள்: கதவு எந்தப் பக்கம் திறக்கும், குடம் எங்கே இருக்கும், ஃபேன் சுவிட்ச் கைக்கு எட்டியதா. எட்டவில்லை என்றால் அப்போது உங்களுக்கு என்ன வயது என்று தெரிந்துவிடும்.

அடுத்து தேதி. இந்த விஷயத்தில் கடலூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கொடுமையான சௌகரியம் உண்டு. சுனாமி, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தானே புயல், 2011 டிசம்பர் 30. பிறகு 2015 வெள்ளம். எந்த ஞாபகமானாலும் இதற்கு முன்னாலா பின்னாலா என்று மாட்டிப் பார்க்கலாம். பண்ருட்டித் தோப்பில், பலா மரத்தடியில் தாத்தா உங்கள் டிகிரி சர்டிபிகேட்டைத் தடவிப் பார்த்தார் என்று எழுதியிருப்பீர்கள். டிகிரி முடித்தது 2013-இல். அந்த மரமோ தானேயில் சாய்ந்தது. உடனே அடித்துவிடாதீர்கள், ஓரத்தில் பென்சில் கோடு போதும். இல்லாத மரத்தடியில் தாத்தாவை உட்கார வைக்க உங்களுக்கு என்ன அவசியம் வந்தது? கதை அங்கேதான் இருக்கிறது.

சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு ஐப்பசிக் கெடிலம் ஆற்றை எழுத முடியாது. அதே மாதம், அதே நேரம் போங்கள். மஞ்சக்குப்பத்தில் இறங்கி, பாலம் தாண்டி திருப்பாப்புலியூருக்கு நடங்கள். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் மூக்குக்கு வேலையில்லை. முதல் சுற்றில் போன் பையிலேயே இருக்கட்டும்.

பெரியவர்களிடம் "அப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "எல்லாம் மாறிப்போச்சு தம்பி"யோடு முடிந்துவிடும். "தானே அன்னைக்கு உங்க வீட்ல எந்தச் சுவர் விழுந்துச்சு?" என்று கேளுங்கள், டீ ஆறிப்போகும் அளவுக்குப் பேசுவார்கள்.

வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறதா? தெருவை அடி வைத்து அளந்து பாருங்கள். நோட்டில் முப்பது என்று இருக்கும், காலுக்குப் பதினைந்துதான் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.