கிளாரா டிரிஸ்கால் என்ற பெயரையும் கொஞ்சம் சொல்லுங்கள்

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்த மேசை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். தட்டான்கள் சிறகு விரித்துத் தலைகீழாகத் தொங்குவது போல ஒன்று, விஸ்டீரியா என்ற கொடியின் பூங்கொத்துகள் சரிவது போல ஒன்று. உலகம் முழுக்க இவற்றுக்கு ஒரே பெயர்: டிஃபனி விளக்கு. லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி, நியூயார்க் நகைக்கடை முதலாளியின் மகன், பெரிய கலைஞர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் மேலே சொன்ன இரண்டு விளக்குகளையும் வடிவமைத்தவர் அவர் இல்லை, கிளாரா டிரிஸ்கால். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலிருந்து நியூயார்க் வந்து, டிஃபனியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பெண்.

இது 2005 வாக்கில்தான் வெளியே தெரிந்தது. கிளாரா தன் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இரண்டு ஆவணக் காப்பகங்களில் கிடந்தன. மார்ட்டின் ஐடெல்பர்க், நீனா கிரே என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் படித்தபோதுதான் நூறாண்டு காலம் டிஃபனி பெயரில் ஓடிய கதை மாறியது. தட்டான் விளக்கு 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. அதை வடிவமைத்தவருக்கோ, அந்தப் பட்டறையின் கண்ணாடி வெட்டும் பெண்கள் பிரிவின் தலைவி என்ற இடம் மட்டும்தான்.

'கண்ணாடி வெட்டும் பிரிவு' என்ற பெயரே எனக்கு உறுத்துகிறது. வெட்டுவது அந்த வேலையில் கடைசிப் பாதி. பழைய தேவாலய ஜன்னல்களில் முகத்தையும் துணி மடிப்பையும் கண்ணாடி மேல் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். இந்த விளக்குகளில் தீட்டுவதே கிடையாது. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. பால் வெண்மையில் பச்சையும் நீலமும் சுழித்துக் கலந்த தகடுகள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. அந்தத் தகட்டில் எந்த மூலை இதழின் நுனியாகும், எந்தச் சுழிப்பு இலையின் நிழலாகும் என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது என் அம்மா இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் வைத்துப் பார்ப்பார். அந்தக் கண்தான் இதற்கும் வேண்டும். ஒரு விஸ்டீரியா விளக்கில் ஏறத்தாழ 2000 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு முடிவு. பிறகு வெட்டி, ஓரத்தில் தேன்மெழுகு தடவிய மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றி, மர அச்சின் மேல் அடுக்குவார்கள். பற்றவைப்பது ஆண்கள் பிரிவின் வேலை.

1906 விலைப்பட்டியலில் அந்த விளக்கு 400 டாலர். கிளாராவின் வாரச் சம்பளம் 35 டாலர். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அது நல்ல சம்பளம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தான் வரைந்த விளக்கை வாங்க அவர் பதினோரு வாரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

"முதலாளியின் பட்டறை, முதலாளியின் கண்ணாடி, அவர் ஒப்புக்கொண்டால்தான் விளக்கு வெளியே போகும், அப்புறம் அவர் பெயர் இருந்தால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டும். அந்தக் கண்ணாடியை உருவாக்க டிஃபனி பட்ட பாடு பெரிது. அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் கேட்கிறேன். எல்லா விளக்கும் கிளாராவுடையது என்றும் சொல்லவில்லை. வட்டமும் கட்டமுமாக வரும் பல விளக்குகள் ஆண்கள் பிரிவில் உருவானவை.

அந்த ஆண்களின் தொழிற்சங்கம் 1903-இல் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு இந்த வேலை கூடாது என்று வேலைநிறுத்த மிரட்டல். கடைசியில் பெண்கள் பிரிவில் 27 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சமரசம் ஆனது. அதற்கும் மேலே நிறுவனத்தின் விதி ஒன்று: கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை. கிளாரா 1889-இல் கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டார். 1892-இல் கணவர் இறந்த பிறகுதான் திரும்ப வர முடிந்தது. ஒரு பெண் தன் தொழிலுக்குத் திரும்ப விதவையாக வேண்டியிருந்திருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

1997-இல் இளஞ்சிவப்புத் தாமரை விளக்கு ஒன்று 28 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நியூயார்க் வரலாற்றுச் சங்க அருங்காட்சியகத்தில் 2017 முதல் 100 விளக்குகளை இருட்டறையில் ஏற்றிவைத்து, கிளாராவின் கதையையும் சேர்த்தே சொல்கிறார்கள். விற்பவர்களும் எழுதுபவர்களும் அந்த அளவுக்காவது செய்யலாமே. 1909-இல் கிளாரா மறுமணம் செய்துகொண்டார். விதி மாறவில்லை. கண்ணாடியை வைத்துவிட்டு வெளியேறினார்.