மாற்றாத பெல்ட்டுக்கு ஒட்டிய ஸ்டிக்கர்

என் காரின் டைமிங் பெல்ட் கவரைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது ஜப்பான் எழுத்து. எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே அரைவாசி அழிந்து கிடந்தது. இந்தக் கார் கப்பலில் வந்து இறங்கிய நாளில் எஞ்சினில் எது இருந்ததோ, அதே பெல்ட். முதுகுப் பக்கம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. பெல்ட்டைச் சுற்றுகிற கிராங்க் புல்லிக்குக் கிட்ட ஒன்பது பல் வரிசையாக வழித்துக்கொண்டு போயிருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி, போனட்டின் உட்புறத்தில், "டைமிங் பெல்ட் மாற்றியது" என்று பேனையால் எழுதிய ஸ்டிக்கர். திகதி, கிலோமீட்டர் எல்லாம் வடிவாகப் போட்டிருக்கிறார்கள். பதினான்கு மாதம்தான் ஆகிறது.

அன்றைக்கு நடந்ததை, கவரைக் கழற்றியதிலிருந்து நூறு தடவை நினைத்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கராஜில் காரை விட்டேன். 100,000 கிலோமீட்டர் ஓடி, டாஷ்போர்டில் பெல்ட் விளக்கு எரிந்தது. "பெல்ட், டென்ஷனர் ரெண்டும் புதுசாப் போடுங்கோ தம்பி, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்று என் வாயாலேயே சொன்னேன். டென்ஷனர் பெல்ட்டைத் தளராமல் இறுக்கிப் பிடிக்கிற சில்லு. பெஞ்சில் இருந்தேன், பிளேன்ரீ தந்தார்கள். பதினொரு மணிக்கு மெக்கானிக், "அண்ணை, நீங்கள் ரவுனுக்குள்ள போய்ச் சாப்பிட்டு வாங்கோ, நேரம் செல்லும்" என்றார். போனேன். திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, பில்லும் ரெடி. பழைய பெல்ட் எங்கே என்று கேட்டேன். "அது குப்பைக்குள்ள போட்டாச்சு அண்ணை." சரி என்று காசை எண்ணிக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சாப்பிடப் போன அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. என்னுடைய காரில் அந்த விளக்கை அணைக்கப் பெல்ட்டைத் தொடவே தேவையில்லை. மீற்றரைக் கழற்றி, பின்னால் இருக்கும் சின்ன ஸ்குருவை ஒரு ஓட்டையிலிருந்து பக்கத்து ஓட்டைக்கு மாற்றிப் பூட்டினால் போதும். அதைத்தான் செய்திருக்கிறார். ஓட்டுபவனை எச்சரிக்க வைத்த விளக்கை அணைத்துவிட்டு, எச்சரிக்கப்பட வேண்டியவனிடமே கூலி வாங்கியிருக்கிறார். பெல்ட்டுக்குக் காசு, டென்ஷனருக்குக் காசு, வேலைக்குக் காசு. டென்ஷனர் பெயரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அரிசி மாவரைக்கிற சத்தம் வருகிறது.

பெல்ட் போனால் பெல்ட்டோடு நிற்குமா? டீசல் எஞ்சின். பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடையில் இடமே இருக்காது. பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது இந்த ரப்பர் துண்டுதான். அதன் பல் அறுந்ததும் கேம் நின்றுவிட்டது, பிஸ்டன் நிற்கவில்லை. எட்டு வால்வில் ஐந்து வளைந்துவிட்டன. பிஸ்டன் தலையில் வால்வு குத்திய அடையாளம் சின்னப் பிறை மாதிரி, நாலிலும் இருக்கிறது.

அறுந்த இடம் கனகராயன்குளம் தாண்டி. வவுனியா ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கிளினிக் காட்டிவிட்டு வந்துகொண்டிருந்தோம். ஏ9 வீதியில் பின்னால் ஒரு சொகுசு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு வர, எஞ்சின் டக்கென்று செத்துப்போனது. பிரேக் மரக்கட்டை மாதிரி இறுகியது. அம்மா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். எழுபத்தொரு வயது. இதற்கு அந்த ஸ்டிக்கரில் திகதி போட்டவர் பதில் சொல்வாரா?

அந்தக் கராஜுக்குக் கோல் எடுத்தேன். "மாத்தித்தான் அண்ணை தந்தது. கொம்பனிச் சாமானே இப்ப சரியில்லை, சில நேரம் அறும்." ஜப்பான் எழுத்தைச் சொன்னேன். "அப்ப அது ஜப்பான் பெல்ட்தானே அண்ணை, நல்ல சாமான்தானே போட்டிருக்கிறம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி ட்ராக்டரில் கயிறு கட்டி மாங்குளம் வந்து, அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வரைக்கும் இழுத்து வந்தான். காசு கொடுத்தேன், அவன் வாங்கவில்லை. வேறு கராஜுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை, வேப்ப மரத்துக்குக் கீழே நானே கழற்றினேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் அந்த விலைக்கு எங்களால் கிட்டப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக்கு இப்படி ஒரு பழைய எஞ்சின்தான் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வர. அதில் கை வைக்கிறவனுக்கு அது தெரியாதா?

சண்டை நடந்து பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் இந்த வன்னியில் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். சாமான் இல்லாத நேரம் சாமானைச் செய்து போட்ட மெக்கானிக்மாரை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். "இது தாங்காது, மெல்லமா ஓடு" என்று முகத்துக்கு நேரே சொல்லித் தருவார்கள். போடாததைப் போட்டேன் என்று சொன்ன ஒருவரைக் கண்டதில்லை. இப்போது எல்லாச் சாமானும் கடையில் தொங்குகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஐந்து வால்வும் பெல்ட்டும் வந்துவிட்டன, எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே வைக்கிற தகடு, ஹெட் கஸ்கெட், மட்டும் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்றாம் கிழமை. அதுவரைக்கும் வால்வுகள் கசியாமல் மூடப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து இருத்துகிறேன். ஹெட்டைச் சாய்த்து வைத்து, வால்வு வழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், ஏழு வால்வில் ஒரு துளி கசியவில்லை. எட்டாவதில் மெல்லிய ஈரம், திரும்பத் தேய்க்க வேண்டும். தேய்க்கலாம், தூசி விட்டால்தானே! பேஸ்ட் பூசிய வால்வைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து ஒரு டிப்பர் போகும், கிறவல் வீதியே எழும்பி முற்றத்துக்குள் வரும். வேட்டியால் ஹெட்டை மூடிக்கொண்டு நிற்கிறேன். பகலில் கிறவல், இரவில் ஆற்று மணல். படுத்தால் கட்டில் அதிருகிறது. எந்த ஆற்றிலிருந்து அள்ளுகிறார்கள், ஆர் விட்டது, ஒருவரும் கேட்பதில்லை. நேற்று இரவு மட்டும் பதினொரு டிப்பர், விடியும் வரைக்கும் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.