அடோல்ஃப் என்று பெயர் வைத்தால் சிறையா?

யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஜேர்மனியில் 'அடோல்ஃப்' என்ற பெயர் சட்டப்படி தடையாம், வைத்த பெற்றோருக்குச் சிறையாம், 'ஸ்டாலின்' என்ற பெயரும் ஐரோப்பாவில் எடுபடாதாம். அங்கே பிள்ளை பிறக்கவிருக்கும் எங்கள் உறவுகளைப் பயமுறுத்த இது போதும்.

ஜேர்மனியில் தடைசெய்த பெயர்ப்பட்டியல் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் நலனுக்குப் பாதகமான பெயரைப் பதிவு அலுவலகம் மறுக்கலாம், அவ்வளவுதான். பெற்றோர் நீதிமன்றம் போகலாம். சிறை என்ற பேச்சே இல்லை. 'அடோல்ஃப் ஹிட்லர்' என்று சேர்த்து எழுதிக் கொடுத்தால் மறுப்பார்கள், அது நியாயமும்கூட. ஆனால் 'அடோல்ஃப்' அருகிப்போனது சட்டத்தால் அல்ல, 1945க்குப் பிறகு பெற்றோருக்கே மனம் வராததால். முன்பு அது சாதாரணப் பெயர். அடிடாஸைத் தொடங்கிய டாஸ்லரின் முதற்பெயரும் அடோல்ஃப்தான். அதன் செல்லச் சுருக்கமான 'அடி'தான் சப்பாத்தில் இருக்கிறது. சுவீடனை 1950 முதல் 1973 வரை ஆண்ட அரசர் ஆறாம் குஸ்தாவ் அடோல்ஃப்.

ஸ்டாலினுக்கு ஐரோப்பா வரை போக வேண்டாம். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் இறந்தது மார்ச் 5. பெயரை யாரும் மாற்றவில்லை.

சந்தேகமென்றால் ஜேர்மனியில் உள்ளவர்கள் தங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்திலோ, வீஸ்பாடனில் இருக்கும் ஜேர்மன் மொழிச் சங்கத்தின் பெயர் ஆலோசனைப் பிரிவிலோ கேட்கலாம். இங்கே பிறப்புப் பதிவு பற்றியென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள்.