முழங்காலில் நிறுத்தியும் சண்டை ஓயவில்லை

பாடசாலைச் சண்டைகளைக் குறைக்க ஒழுக்காற்றுக் குழுக்களைப் பலப்படுத்தச் சொல்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. அது மட்டும் போதாது.

நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம், மகன் தரம் 8. போன தவணை ஸ்கூல் வானில் ஜன்னலோர சீட்டுக்கு அடிபட்டு, பொக்கற் கிழிந்து, உதடு வீங்கி வந்தான். மற்றப் பிள்ளைக்கும் காயம். இருவரையும் காலைக் கூட்டத்தில் முழங்காலில் நிறுத்தினார்கள். அடுத்த நாளே வானில் திரும்பவும் அடிபாடு.

பிறகு வகுப்பு ரீச்சர் இடைவேளையில் இருவரையும் எதிரெதிரே இருத்தி, ஒருவன் சொல்வதை மற்றவன் அப்படியே திருப்பிச் சொல்ல வைத்தார். அப்போதுதான் தெரிந்தது, பிரச்சினை சீட் இல்லை. அந்தப் பிள்ளையின் தகப்பன் வெளிநாடு போனதை என் மகன் நக்கலடித்திருக்கிறான். கேட்டதும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

பாடசாலையில் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை தடை செய்தது. மாணவனை ஆசிரியர் அறைந்தது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சரி, ரீச்சர்மாரின் கையிலிருந்து பிரம்பைப் பறித்துவிட்டோம். அதற்குப் பதிலாக என்ன செய்வதென்று அவர்களுக்கு யார் பழக்கியது? அந்த ரீச்சர் செய்ததை ஆசிரியர் பயிற்சியிலேயே சேருங்கள். மாணவத் தலைவர்களுக்கும் பழக்குங்கள், இடைவேளையில் முதலில் ஓடிப்போய் விலக்குவது அவர்கள்தான்.