சிலிண்டரை விடுங்கள், கியர்பொக்ஸைப் பாருங்கள்

பாவித்த கார் வாங்க யோசிக்கும் நம்ம ஊர்த் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, மூன்று சிலிண்டரா, நாலு சிலிண்டரா?" திருகோணமலையில் கார் ஓட்டப் போகிறவருக்கு அது அவ்வளவு பெரிய கேள்வி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மூன்று சிலிண்டர் உதறும் என்பது உண்மைதான். நாலு சிலிண்டரில் கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு, 180 பாகை சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு வந்துவிடும். மூன்றில் 240 பாகைக்கு ஒன்று. அதனால் ஏசி போட்டபடி சந்தியில் நின்றால் ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும். ஆனால் உராயும் பாகங்கள் குறைவு, பாரம் குறைவு, பெற்றோலும் மிச்சம். சிசி பார்த்து வரி போடும் நாட்டில் 996 சிசி, மூன்று சிலிண்டர் டொயோட்டா விட்ஸ் இவ்வளவு ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. அளவுக்கு மீறி உதறினால் முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பரை, எஞ்சின் மவுண்டை, பாருங்கள்.

முன்சில்லு இழுவையா, பின்சில்லு இழுவையா என்பதும் அப்படித்தான். மீனும் ஐஸும் ஏற்றுகிறவருக்குப் பின்சில்லுதான் சரி, பாரம் ஏற ஏறப் பின் டயர் நிலத்தை இறுக்கிப் பிடிக்கும். பட்டா லொறி என்று நாம் சொல்லும் டாட்டா ஏஸ் 702 சிசி, இரண்டே சிலிண்டர் டீசலோடு அத்தனை சாமானையும் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குடும்பக் காருக்கு முன்சில்லு போதும். நாலு சில்லு இழுவையுள்ள ஜப்பான் கார் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அது பனி நாட்டுக்குச் செய்தது. இங்கே அதனால் கூடுவது பாரமும் எண்ணெய்ச் செலவும்தான்.

காசு கரைவது கியர்பொக்ஸில். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே இப்போது கைமாறுகிற கார்களில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக் களைத்தவை.

சி.வி.ரி. என்பது படிப்படியான கியர் இல்லாத ஒட்டோ கியர்பொக்ஸ். அதில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உருக்குப் பெல்ட் ஓடும். கந்தளாய் நேர் வீதியில் 70இல் போனால் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 2,000ஐக்கூடத் தொடாது, அவ்வளவு சுகம். மாத்தளை தாண்டி கண்டிக்கு ஏறும்போது எஞ்சின் முதலில் கத்தும், கார் பிறகுதான் வரும். அது பழுது இல்லை, அதன் இயல்பு. ஆனால் அந்தப் பெல்ட்டைக் காப்பது ஒயில் மட்டும்தான். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி வெயிலில் ஓடும் காருக்கு "ஒயில் மாற்றவே தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஹொண்டா ஃபிட் ஜிபி5 ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் இரண்டிலும் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி, இரண்டு கிளச் மாறி மாறிக் கியர் பிடிக்கும். ஓடும்போது அருமையான பெட்டி. பெற்றரி இறங்கி, எஞ்சினில் ஊர்ந்து போகும்போதுதான் சிக்கல். கிளச் பாதி பிடித்தபடி உராயும், உலர் கிளச் என்பதால் சூட்டை வாங்க ஒயிலும் கிடையாது. 2013, 2014இல் இதன் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக ஜப்பானிலேயே பல தடவை கார்களைத் திருப்பி அழைத்தார்கள். 2020 ஃபிட்டில் ஹொண்டாவே இந்த அமைப்பைக் கைவிட்டது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

டொயோட்டா அக்வா ஹைபிரிட்டைப் பார்த்து "உள்ளே ஒரே கரண்ட் வேலை, நம்ம பாஸ்மாருக்கு விளங்காது" என்று பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் 1997 பிரியஸிலிருந்து வரும் அந்தப் பெட்டியில் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான் முக்கியம். தேய்கிற கிளச் இல்லை, பெல்ட் இல்லை. ஸ்டார்ட்டரும் ஒல்டர்நேற்றரும்கூடத் தனியாக இல்லை. இந்த ஊருக்கு என் தெரிவு இதுதான். கையால் கியர் போட அலுப்பில்லாதவருக்கு சுசுகி ஓல்ற்றோவும் நல்ல தெரிவு, கிளச் தட்டை எந்தக் கராஜிலும் மாற்றலாம்.

அக்வாவில் ஆபத்து பெற்றரியில்தான், அதற்குச் சூடு ஆகாது. பின் சீற்றுக்குக் கீழே பக்கத்தில் ஒரு சிறிய காற்றுத் துவாரம் இருக்கும். நிலாவெளியில் குளித்துவிட்டு வந்து ஈரத் துவாயை அதன் மேல் போட்டுவிடுவார்கள், மணலும் நூலும் உள்ளே போய் விசிறியில் படியும். கார் பார்க்கப் போனால் அந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்னடித்து மறுத்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்தக் காரை எடுக்காதீர்கள்.