டி-34-க்கும் டி34-க்கும் நடுவில் ஒரு கோடு

டாங்கி விளையாட்டு ஆடத் தொடங்கிய புதிதில் நடந்த ஒரு மேட்ச் இன்னும் நினைவில் இருக்கிறது. விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ். நான் ஓட்டியது ஆறாம் டியர், அதாவது ஆறாம் நிலையில் உள்ள, ஷெர்மன் என்ற அமெரிக்க நடுத்தர டாங்கி. மேட்டுக்கு அந்தப் பக்கம் எதிரி டாங்கி ஒன்று தலைகாட்டியது. அதன் மேல் மிதந்த பெயர் டி34. ரஷ்யாவின் டி-34 பற்றி அதற்குள் நிறையப் படித்திருந்தேன். நடுத்தர டாங்கி, 76 மி.மீ. பீரங்கி, என் ஷெர்மன் தாராளமாகச் சமாளிக்கும் என்று நம்பி மேட்டைத் தாண்டி நேரே போய் நின்றேன். முதல் குண்டிலேயே பாதிக்கு மேல் உயிர் போனது. இரண்டாவது குண்டில் ஆட்டம் முடிந்தது.

அது ரஷ்ய டாங்கியே இல்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கா திட்டமிட்ட கனரக டாங்கி. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றை மாற்றியமைத்து 120 மி.மீ. குழலைப் பொருத்தியிருந்தார்கள். சோதனை மாதிரிகளோடு அந்தத் திட்டம் நின்றுபோனது. ரஷ்யப் பெயரில் 'டி' என்றால் டாங்கி. அமெரிக்கப் பெயரில் 'டி' என்றால் இன்னும் சோதனையில் இருக்கிறது என்று பொருள். படையில் சேர்த்துக்கொண்டால் 'டி' போய் 'எம்' வரும். டி26 என்று தொடங்கியது எம்26 பெர்ஷிங் ஆனது அப்படித்தான். ரஷ்யப் பெயரின் நடுவே ஒரு சிறு கோடு உண்டு, அமெரிக்கப் பெயரில் இல்லை. அந்தக் கோட்டை நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். டாங்கியை வடிவமைத்த கதையில் பாதி அதன் பெயரிலேயே இருக்கிறது. இந்த விளையாட்டுகள் கவசத்தின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் தேடிப்பிடித்துக் கொடுக்கின்றன. கோபுரம் நொடிக்கு எத்தனை பாகை சுழலும் என்றுகூடச் சொல்கின்றன. பெயரை மட்டும் ஒப்புக்குப் போட்டுவிட்டுப் போகின்றன. ஏன் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஷெர்மனிலிருந்தே தொடங்குகிறேன். எம்4ஏ1, எம்4ஏ2, எம்4ஏ3, எம்4ஏ4. யார் பார்த்தாலும் ஒன்றைவிட அடுத்தது மேம்பட்டது, ஏ4 தான் கடைசியும் சிறந்ததும் என்றே நினைப்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் இவை கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வெவ்வேறு தொழிற்சாலைகளில் உருவானவை. அமெரிக்காவுக்கு ஆயிரக்கணக்கில் டாங்கிகள் உடனே வேண்டும். அத்தனைக்கும் போதுமான ஒரே வகை எஞ்சின் எங்கும் கிடையாது. அதனால் யாரிடம் என்ன எஞ்சின் இருந்ததோ அதைப் போட்டார்கள். எம்4-க்கும் ஏ1-க்கும் விமானத்துக்காகச் செய்த ரேடியல் எஞ்சின். எம்4-இன் உடல் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது, ஏ1-இன் உடல் வார்ப்பில் எடுத்தது. ஏ2-வில் இரண்டு டீசல் எஞ்சின்கள் ஜோடியாக. ஏ3-இல் ஃபோர்டின் வி8.

ஏ4 இருக்கிறதே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிரைஸ்லர் நிறுவனத்தார் ஆறு சிலிண்டர் கார் எஞ்சின்கள் ஐந்தை எடுத்து ஒன்றாகப் பிணைத்து 30 சிலிண்டர் கொண்ட ஒரே எஞ்சினாக்கிவிட்டார்கள். அது உள்ளே அடங்க வேண்டுமே என்று டாங்கியின் உடலையே நீட்டினார்கள். ஷெர்மன் படங்களில் சக்கர ஜோடிகளுக்கு நடுவே வழக்கத்தைவிட அதிக இடைவெளி தெரிந்தால் அது பெரும்பாலும் ஏ4 தான். அமெரிக்கா தன் படைக்கு ஏ3-ஐ விரும்பி வைத்துக்கொண்டது. டீசல் ஏ2 பெருமளவில் சோவியத் யூனியனுக்குப் போனது. ஏ4 பெரும்பாலும் பிரிட்டனுக்குப் போனது. ஒரு நாட்டின் தொழில்துறை எந்த நெருக்கடியில் இருந்தது, கூட்டாளிகளுக்கு எதைக் கொடுத்தது என்ற கதையெல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் இருக்கிறது.

பிரிட்டன் இன்னொரு வேலை செய்தது. அமெரிக்க டாங்கிகளுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதிகள் பெயரை வைத்தது பிரிட்டன்தான். ஸ்டூவர்ட், லீ, கிராண்ட், ஷெர்மன் எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அமெரிக்கர்களிடம் எம்3 என்று ஒரு இலகு டாங்கி, எம்3 என்று ஒரு நடுத்தர டாங்கி, எம்3 என்று முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலியும் கொண்ட ஒரு அரைச் சங்கிலி வண்டி, போதாக்குறைக்கு எம்3 என்று கையில் ஏந்திச் சுடும் ஒரு சிறு இயந்திரத் துப்பாக்கியும் உண்டு. போர்க்களத்தில் ரேடியோவில் 'எம்3 வருகிறது' என்று சொன்னால் கேட்பவர் என்ன புரிந்துகொள்வார்? பெயர் வைத்தபின் பிரிட்டன் எண்களையும் தன் கணக்குக்கு மாற்றியது. எம்4ஏ4 அவர்களுக்கு ஷெர்மன் 5. அதில் 17 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியைப் பொருத்தினால் பக்கத்தில் ஒரு 'சி' சேரும். ஃபயர்ஃபிளை என்று நாம் ரசிக்கும் டாங்கியின் முறையான பெயர் இந்த 'சி' தான்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் வெறும் எம்4 ஷெர்மன் என்ற பெயரில் இருப்பது ஒரே டாங்கிதான். அதிலேயே 75, 76, 105 மி.மீ. பீரங்கிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையில் இவை வெவ்வேறு டாங்கிகள், வெவ்வேறு பெயர்கள். பீரங்கியின் அளவைப் பெயரோடு அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். பின்னால் 'டபிள்யூ' வந்தால் குண்டுகளை நீர் சூழ்ந்த பெட்டிகளில் அடுக்கிவைத்த டாங்கி என்று அர்த்தம். அடிபட்ட ஷெர்மன் தீப்பிடிப்பதை அந்த ஏற்பாடு பெருமளவு குறைத்தது. ஒரு டாங்கிக்குள் ஐந்து பேர் உயிரோடு வெளியே வருவார்களா என்பதைச் சொல்லும் எழுத்து அது. அதைப் பெயரிலிருந்து எடுத்துவிடுவது எனக்கு ஏற்கவில்லை. வார் தண்டர் என்ற இன்னொரு டாங்கி விளையாட்டு இதில் எவ்வளவோ மேல். ஷெர்மன் வகைகளைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. எச்.பி. எனப்படும் உயிர்ப் புள்ளிக் கணக்கும் அதில் இல்லை. குண்டு எங்கே நுழைந்தது, யாரைத் தாக்கியது என்று உடலை ஊடுருவிக் காட்டுகிறது. குண்டு அடுக்கு எங்கே இருக்கிறது என்பது அந்த ஆட்டத்தில்தான் எனக்கு உறைத்தது.

பெயரிலேயே முழு விவரமும் வேண்டும் என்றால் ஸ்வீடனைத்தான் பார்க்க வேண்டும். போருக்குப் பின் அவர்கள் வைத்த எண்களில் முதலில் வருவது பீரங்கியின் அளவு, சென்டிமீட்டரில். அடுத்து வருவது வரிசை எண். ஸ்ட்ரிட்ஸ்வான் (ஸ்வீடிஷ் மொழியில் டாங்கி) 74 என்றால் 7 சென்டிமீட்டர் வகுப்பில் நான்காவது. 103 என்றால் 10 சென்டிமீட்டர் வகுப்பில் மூன்றாவது. அந்த 103-க்குச் சுழல் கோபுரமே கிடையாது. பீரங்கி உடலோடு நிலையாகப் பதிந்திருக்கும். குறிபார்க்க வேண்டும் என்றால் டாங்கி முழுவதும் திரும்ப வேண்டும்; சஸ்பென்ஷனை ஏற்றி இறக்கிக் குழலை மேலும் கீழும் கொண்டுவர வேண்டும். பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீரர் அதே வேகத்தில் டாங்கியைப் பின்பக்கமாக ஓட்டிப்போவார். இவ்வளவு துணிச்சலான வடிவமைப்புக்கு இவ்வளவு அடக்கமான பெயர்!

ஜப்பானியப் பெயர்களும் இப்படித்தான், பூட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் இருக்கும். டைப் 97 சி-ஹா. 97 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2597-இன் கடைசி இரண்டு எண்கள், அதாவது 1937. 'சி' என்றால் நடுத்தர டாங்கி. 'ஹா' என்பது இ, ரோ, ஹா என்று போகும் அவர்களுடைய பழைய எழுத்து வரிசையில் மூன்றாவது. நாம் அ, ஆ, இ என்று வரிசை போடுகிற மாதிரிதான். போருக்குப் பின் வந்த டைப் 74-இல் இருப்பதோ 1974. ஆக 97-ஐவிட 74 தான் புதியது.

ஜெர்மன் டாங்கிகளின் பெயர்களுக்கு விளையாட்டுலகில் இருக்கும் மவுசு தெரிந்ததே. டைகர், பாந்தர் என்றாலே ஒரு மிடுக்கு. ஆனால் அந்த வரிசை தொடங்கியது ஒரு பொய்யில். முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி டாங்கி வைத்திருக்கத் தடை போட்டிருந்தது. அதனால் பான்சர் 1-ஐ உருவாக்கும்போது காகிதத்தில் அதன் பெயர் விவசாய டிராக்டர். டாங்கி என்ற சொல்லே அப்படி வந்ததுதான். பிரிட்டனில் 1915-இல் இதற்காக அமைத்த குழுவின் பெயர் நிலக்கப்பல் குழு. நிலக்கப்பல் என்று வெளியே சொன்னால் ரகசியம் உடைந்துவிடும் என்பதால் தண்ணீர்த் தொட்டி, அதாவது ஆங்கிலத்தில் டாங்க், செய்கிறோம் என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் அது இறங்கியபோது அந்தப் பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழில் இதை 'தாங்கி' என்கிறார்கள், தண்ணீர் வைப்பதும் தாங்கிதான். அந்தப் பழைய பொய் தமிழிலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு அலாதியான மகிழ்ச்சி. செய்திகளில் டாங்கியைப் 'பீரங்கி' என்று எழுதுவதுதான் உறுத்துகிறது. பீரங்கி அதன் மேல் இருக்கும் ஆயுதம் மட்டுமே.

டைகர் 2-ஐ எல்லோரும் கிங் டைகர் என்கிறோம். ஜெர்மன் சொல் கோனிக்ஸ்டிகர். சொல்லைப் பிரித்தால் ராஜா, புலி என்று வரும், நேச நாட்டு வீரர்களும் அப்படியே மொழிபெயர்த்தார்கள். ஆனால் ஜெர்மன் மொழியில் அது வங்கப் புலியின் பெயர். வங்கப் புலி என்று எந்த விளையாட்டாவது ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பாந்தரில் இன்னொரு குழப்பம். முதலில் வந்த வகை டி, அதற்குப் பிறகு ஏ, கடைசியில் ஜி. எழுத்து வரிசையை நம்பினால் தலைகீழாகப் புரிந்துகொள்வோம். 1943 ஜூலையில் சோவியத் யூனியனின் குர்ஸ்க் போரில் இறங்கியவை டி வகை. எதிரியிடம் அடிபட்டது போக, கோளாறாகி நின்றவையும் ஏராளம். ஆட்டத்தில் பாந்தரின் 80 மி.மீ. சாய்ந்த முன்கவசம் இருக்கிறது, நீண்ட 75 மி.மீ. குழல் இருக்கிறது. எஞ்சின் விசையைச் சங்கிலிக்குக் கொண்டுபோகும், பாரம் தாங்காமல் உடையும் இறுதிப் பற்சக்கரங்கள் இல்லை. அதை ஆட்டத்தில் கொண்டுவரச் சொல்லவில்லை, பத்து நிமிட மேட்சில் யாரும் கியர்பாக்ஸ் மாற்றிக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஆனால் டி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகளுக்கு நடுவே என்ன திருத்தினார்கள் என்று கராஜில், அதாவது விளையாட்டில் நம் டாங்கிகள் நிற்கும் திரையில், ஒரு பத்தி எழுதலாமே. டைகரை ரயிலில் ஏற்றுவதற்காக அகலமான சங்கிலியைக் கழற்றிக் குறுகலான சங்கிலியை மாட்ட வேண்டியிருந்தது. இதையெல்லாம் படித்தபின் அந்த டாங்கியை ஓட்டுவது வேறு அனுபவம்.

பெயரில் அரசியல் எப்படி நுழையும் என்பதற்குச் சோவியத் கனரக டாங்கிகளே போதும். கேவி என்பது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிளிமென்ட் வொரொஷிலோவின் முதலெழுத்துகள். ஐஎஸ் என்பது ஸ்டாலினுடையது. 1953-இல் ஸ்டாலின் இறந்தபின் அந்த வரிசையின் கடைசி வாரிசு டி-10 என்ற வெறும் எண்ணோடு படையில் சேர்ந்தது. அதே நாடு தானே நகர்ந்து போகும் பீரங்கி வண்டிகளுக்குப் பூக்களின் பெயரை வைத்தது. கார்னேஷன், அகேசியா, டியூலிப், பியோனி. பியோனி 203 மி.மீ. குண்டை வீசும். பிரிட்டனோ அதே வகை வண்டிகளுக்குத் தேவாலயப் பதவிகளின் பெயரை வைத்தது. பிஷப், பிரீஸ்ட், டீக்கன், செக்ஸ்டன். பிரீஸ்ட்டின் இயந்திரத் துப்பாக்கி மேடை, பாதிரியார் நின்று பேசும் மேடை மாதிரியே இருக்கும். இஸ்ரேலின் மெர்காவா என்றால் தேர். இந்தியாவின் அர்ஜுன் வில்லாளியின் பெயர்.

இத்தனையும் இருக்கும்போது இல்லாத டாங்கிகளுக்கு உண்மை போன்ற பெயர் வைப்பதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. வரைபடத்தோடு நின்ற டாங்கியை ஆட்டத்தில் கொண்டுவருவதில் தவறில்லை, இது வரைபடத்தோடு நின்றது என்று சொல்லிவிட்டால் போதும். பாந்தர் 2 என்று ஒரு உடல் நிஜமாகவே கட்டப்பட்டது. ஆனால் 88 மி.மீ. பீரங்கியோடு ஒரு பாந்தர் 2 எந்தக் களத்துக்கும் போனதில்லை. வார் தண்டர் அதைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, பிறகு 105 மி.மீ. டைகர் 2-ஐயும் சேர்த்துப் புதியவர்களுக்குக் கிடைக்காமல் செய்தது. அப்போது பலர் திட்டினார்கள். நான் கைதட்டினேன். அந்தப் பெயரை நம்பி எத்தனை பேர் வரலாற்று விவாதங்களில் பாந்தர் 2 போரில் என்ன செய்தது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

கவசக் கணக்கு தவறு என்று நிரூபிக்க 2021-இல் ஒருவர் செலஞ்சர் 2 டாங்கியின் ரகசியக் கையேட்டுப் பக்கங்களையே வார் தண்டரின் இணைய விவாதத்தில் பதிவேற்றிவிட்டார், விளையாட்டு நிறுவனம் அவற்றை நீக்கியது. அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை, ராணுவ ரகசியத்தைப் பொதுவில் போடுவது தவறு. ஆனால் பெயரைச் சரியாகப் போட யாருடைய ரகசியமும் வேண்டாம். எல்லாம் அருங்காட்சியகப் பலகையில் இருக்கிறது. கராஜில் டாங்கியின் மேல் சுட்டியை வைத்தால் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று நான்கு வரி வரட்டும். எம், ஏ, ஈ, டபிள்யூ எல்லாவற்றுக்கும். ஈ என்றால் சோதனை வகை. எம்4ஏ3ஈ8 என்று நான் அன்று ஓட்டிய ஷெர்மன் தன் சோதனைப் பெயரைச் சுமந்துகொண்டுதான், அதேபோல் சோதனைப் பெயரோடு நின்ற டி34-க்கு எதிரே போய் நின்றது.