இடிந்த கோட்டையை இடிந்தபடியே விடுங்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்துக் கடற்கரையில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் இரண்டு கோட்டைகள் இருக்கின்றன. பாம்பரோ கோட்டைக்குக் காரிலேயே போய் இறங்கலாம். அலங்கரித்த அறைகள், கவசங்கள், ஓவியங்கள், தேநீர்க் கடை எல்லாம் உண்டு. டன்ஸ்டன்பரோவில் இவற்றில் எதுவும் கிடையாது; கூரைகூடக் கிடையாது. பிள்ளைகளோடு ஒருநாள் போய்வர எது நல்லது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு டன்ஸ்டன்பரோ என்பேன்.

கூடவே வந்த என் மைத்துனன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தான், நாலு சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடக்க வைத்தீர்கள்?" என்று கேட்டான். திரும்பி வரும்போதும் கேட்டான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த நடை. கிராஸ்டர் என்ற சிறிய மீனவ ஊரில் காரை விட்டுவிட வேண்டும். ஹெர்ரிங் மீனை ஓக் மரப் புகையில் வாட்டிக் கிப்பர் தயாரிப்பதற்குப் பெயர் போன ஊர். அந்தப் புகை வாசம் கொஞ்ச தூரம் கூடவே வரும். அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் புல்வெளி. இடப்பக்கம் ஆடுகள், வலப்பக்கம் கடல், எதிரே முகத்தில் அறையும் காற்று. முதல் அடியிலிருந்தே கோட்டை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நடக்க நடக்க நெருங்குவதாகத் தெரியவில்லை. இதுதான் இந்த இடத்தின் சூட்சுமம். வாசலில் இறக்கிவிட்டிருந்தால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு "அடுத்து என்ன?" என்று கேட்டிருப்பார்கள். நடக்க வைத்ததால், போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கொரு கோட்டையை மனதில் கட்டி முடித்துவிட்டார்கள். பெரியவனின் கோட்டையில் பீரங்கி இருந்தது. சின்னவளின் கோட்டையில் குதிரைகள் மட்டும்தான், மனிதர்களுக்கு இடமில்லை.

அங்கே எதிரே நிற்பது, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒரு பங்காளிச் சண்டையின் மிச்சம். அரசர் இரண்டாம் எட்வர்டும் லங்காஸ்டர் பிரபு தாமஸும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஐந்து பிரபுப் பட்டங்களை வைத்திருந்த தாமஸ், அரசருக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரும் பணக்காரர். அரசரின் நெருங்கிய நண்பர் பியர்ஸ் கேவ்ஸ்டனை 1312-ல் கொன்ற பிரபுக்களுக்கு இவர்தான் தலைமை. மறு ஆண்டே இந்தக் கோட்டை வேலையைத் தொடங்கிவிட்டார். இங்கே காக்க வேண்டிய பெரிய நகரமோ ஆற்றுப் பாலமோ இல்லை. வடக்கே ஸ்காட்லாந்துப் படைகளின் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் இரட்டை உருளைக் கோபுரங்களோடு அவர் எழுப்பிய அந்தப் பிரமாண்டமான முகப்பு, ஸ்காட்லாந்துக்காரர்களைவிட அரசருக்குத்தான் பதில் சொல்வது போல இருக்கிறது. கோட்டையைச் சுற்றி மூன்று செயற்கை ஏரிகளையும் வெட்டி வைத்திருந்தார். தூரத்திலிருந்து வருகிறவனுக்குக் கோட்டை தண்ணீரில் மிதக்கும் தீவாகத் தெரிய வேண்டும் என்பதும் ஒரு நோக்கமாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பந்தா என்பது புதிய வியாதி இல்லை.

அந்தக் கோட்டை அவருக்குக் கைகொடுக்கவும் இல்லை. 1322 மார்ச்சில் அரசரின் படைக்கு முன்னால் வடக்கு நோக்கி ஓடிவந்தவரைப் பரோபிரிட்ஜில் மடக்கிப் பிடித்தார்கள். டன்ஸ்டன்பரோவுக்கு வந்து சேரத்தான் ஓடினார் என்று கருதப்படுகிறது. சில நாட்களில், பான்டிஃபிராக்டில் இருந்த அவருடைய சொந்தக் கோட்டையிலேயே தீர்ப்புச் சொல்லி, அங்கேயே தலையை வெட்டினார்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான் ஆஃப் கான்ட் கோட்டையைச் சீர்செய்தார். 1460-களில், அரியணைக்காக அரச குடும்பத்தின் இரு கிளைகள் மோதிய ரோஜாப் போர்களின்போது, கோட்டை கை மாறி மாறி அடிபட்டது. அதற்குப் பிறகு பெரிதாகப் பழுது பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. காற்றும் கடலும் பார்த்துக்கொண்டன. 1797-ல் இந்தப் பக்கம் வந்த ஓவியர் டர்னர் வரைந்ததும் இடிபாட்டைத்தான்.

கோட்டை முழுமையாக இருந்திருந்தால், பிள்ளைகள் கயிறு கட்டிய பாதையில் வரிசையாகப் போய், "தொடாதே" என்பதை அறைக்கு அறை கேட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்கள். இடிந்து கிடப்பதால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. முகப்புக் கோபுரத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், ஆள் எட்டாத உயரத்தில் சுவரின் நடுவே ஓர் அடுப்பு மாடம் அந்தரத்தில் தொங்குகிறது. "அங்கே எப்படி ஏறிச் சமைத்தார்கள்?" என்று சின்னவள் கேட்டாள். சமைக்க அல்ல, குளிர் காய என்று சொன்னேன். அவள் கேள்வி அது இல்லை. பெரியவன் கொஞ்ச நேரம் சுவரையே முறைத்துவிட்டு, வரிசையாக இருந்த சதுரப் பொந்துகளைக் காட்டினான். உத்தரங்களைச் செருகிய இடம். மரத் தரை மக்கிப் போய்விட்டது, பொந்துகள் மட்டும் நிற்கின்றன. எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் ஒரு சிறுவன் இல்லாத மாடியைக் கண்டுபிடித்துவிட்டான். கழிப்பிடத்தையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். சுவரின் கனத்துக்குள் விட்ட துவாரம், கீழே நேராக வெளியே போகும். வரலாற்றுப் பாடத்தில் இதைப் போல மனதில் பதிகிற பக்கம் வேறு கிடையாது.

இன்னொன்றும் காட்டினேன். கடலைப் பார்த்த பக்கத்தில் சில மணற்கற்கள் தேனடையைப் போலக் குழி குழியாக இருக்கின்றன. சின்னவளின் சுண்டுவிரல் ஒவ்வொரு குழியிலும் சரியாகப் போய்வந்தது; விரல் நுனியில் மஞ்சள் மணல் ஒட்டியது. அலைத் துளிகளின் உப்புநீர் கல்லுக்குள் ஊறி, காயும்போது உப்பு படிகமாகி, உள்ளிருந்தே மணல் மணலாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட சுவர்களைப் பூச சிமென்ட்டை விட்டுச் சுண்ணாம்புக் கலவையைத் தேடுகிறார்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, கல்லை விரைவாகக் கெடுத்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். கெட்டாலும் தான் கெடும், கல்லைக் காப்பாற்றும். கோட்டை உட்கார்ந்திருக்கும் கரும்பாறை மட்டும் இந்த அரிப்புக்கு அவ்வளவு சுலபமாக மசிவதில்லை. ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து குழம்பாகப் புகுந்து இறுகிய வின் சில் பாறை அது. வடக்குச் சரிவில் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் கூடு கட்டி, போடும் கூச்சலில் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்பதில்லை. நாற்றமும் பலமாகவே இருக்கிறது.

இனி மைத்துனனின் யோசனைக்கு வருகிறேன். "இதையே பாம்பரோ போல எடுத்துக் கட்டியிருந்தால் எவ்வளவு பேர் வருவார்கள்!" பாம்பரோவை எடுத்துக் கட்டியவர் நியூகாசிலில் பீரங்கியும் பாரந்தூக்கியும் செய்து கோடீஸ்வரரான வில்லியம் ஆம்ஸ்ட்ராங். 1894-ல் வாங்கினார், 1900-ல் வேலை முடியுமுன்பே இறந்துபோனார். அங்கே ராஜ மண்டபத்தின் மரக்கூரையைப் பார்த்து "எந்த ராஜா கட்டியது?" என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அது சயாம் தேக்கு, தொழிலதிபரின் பணம். அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது பழையது, எது 19-ஆம் நூற்றாண்டின் ஆசை என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை, குழந்தைக்கு எப்படிச் சொல்வது? டன்ஸ்டன்பரோவில் அந்தச் சிக்கலே இல்லை. இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை. விழாமல் தாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், புல்லை வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஆட்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ஒலி ஒளிக் காட்சி, கோட்டை வாசலில் கார் நிறுத்தம், கைப்பேசியில் பழைய கோட்டையை எழுப்பிக் காட்டும் செயலி என்றெல்லாம் கேட்கிறார்கள். செயலி எழுப்பிக் காட்டிவிட்டால் அந்தரத்தில் தொங்கும் அடுப்பைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்? பலகை பலகையாகப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் உரக்கப் படித்துக் காட்டும் பெற்றோரையும் அன்று பார்த்தேன். பாவம், அந்தப் பையன் பலகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். என் அம்மா பாதி வழியோடு நின்றுவிட்டார். "நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு இங்கிருந்தே தெரிகிறது" என்றார். முழங்கால் வலிக்காரர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் அந்த மேடு பள்ளமான புல்தரை உள்ளே சேர்ப்பதில்லை, அது நியாயம் இல்லை. அவர்களுக்கு மட்டும் பேட்டரி வண்டி ஒன்று விட்டால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். மைத்துனனுக்கு அதில் இடம் கிடையாது, அவனுக்கு முழங்கால் நன்றாகவே இருக்கிறது.

போகிறவர்களுக்கு: வெயில் அடித்தாலும் காற்றுத் தடுப்புச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை ஓரத்தில் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். முக்கியமாக, கிராஸ்டரிலேயே எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு நடக்கத் தொடங்குங்கள். கோட்டையில் இருப்பது 14-ஆம் நூற்றாண்டுடையது மட்டும்தான்.